கூலி வேறு, நன்றி வேறு

அமெரிக்க ஓட்டலில் உணவு பரிமாறுகிறவருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, கூட்டரசுச் சட்டப்படி, மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991-இல் வைத்த தொகை இன்றுவரை அப்படியே நிற்கிறது. மற்றத் தொழிலாளர்களுக்கு 2009 முதல் 7 டாலர் 25 சென்ட். இடையிலுள்ள 5 டாலர் 12 சென்ட்டைச் சாப்பிட வந்தவர் டிப்ஸாகக் கொடுத்துவிடுவார் என்பது சட்டம் போடும் கணக்கு. டிப்ஸ் அவ்வளவு வராவிட்டால் குறையை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் குறைந்தது என்று கணக்குக் காட்டிக் கேட்க வேண்டியவர், அடுத்த வாரம் எந்த ஷிஃப்ட் கிடைக்குமோ என்று அதே முதலாளியின் முகத்தைப் பார்த்து நிற்கும் சர்வர்தான். அந்த ஓட்டலில் பில் போடும் மென்பொருளை எழுதியவர் ஒருவரும் எங்கோ இருக்கிறார். அவருக்குத் தேதி தவறாமல் சம்பளம் வருகிறது. யாருடைய மேசைக்கும் போய்ச் சிரித்து நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் பத்துப் பதினைந்து வருடம் கோடு எழுதியவர்களில் பலர், இந்த வேலையே வெறுத்துவிட்டது, தச்சுப் பட்டறைக்கோ ரொட்டிக் கடைக்கோ போய்விடலாம் போலிருக்கிறது என்கிறார்கள். இந்த இருவரின் குறையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் இரண்டும் விளங்கும் என்பது என் எண்ணம். வேலை செய்தவருக்கு உலகம் இரண்டு கடன் பட்டிருக்கிறது. கூலி ஒன்று, வேலைக்கு வைத்தவர் கொடுத்தே தீர வேண்டியது. நன்றி இன்னொன்று, அந்த வேலையால் பயனடைந்தவரிடமிருந்து, அவராக விரும்பினால் மட்டும் வருவது. சர்வருக்கு நன்றியையே கூலியாக்கிவிட்டார்கள். புரோகிராமருக்குக் கூலியையே நன்றியாகக் கணக்குத் தீர்த்துவிட்டார்கள். இரண்டு தொழிலிலும் புகைந்துகொண்டிருப்பது இந்த இடமாற்றத்தின் விளைவு.

அமெரிக்க டிப்ஸ் எப்படி வேரூன்றியது என்பதிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, ஜார்ஜ் புல்மன் தன் நிறுவனத்தின் தூங்கும் வசதி கொண்ட ரயில் பெட்டிகளில் ஏவல் வேலைக்கு, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களை ஆயிரக்கணக்கில் அமர்த்தினார். சம்பளம் சொற்பம், மிச்சத்தைப் பயணிகளின் டிப்ஸில் பார்த்துக்கொள்ள வேண்டும். பயணிகள் டிப்ஸ் கொடுத்தார்கள், ஆனால் எல்லாப் பணியாளரையும் முதலாளியின் பெயரால் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். கையில் காசு விழுந்தது, பெயர் போயிற்று. காசு கொடுத்தால் நன்றி சொல்லியாயிற்று என்று நினைப்பவர்கள் இந்த ஒரு செய்தியை மறக்கக் கூடாது. அந்தப் பணியாளர்கள் 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டினார்கள். பன்னிரண்டு வருடம் போராடி 1937-இல் புல்மன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். அவர்கள் கேட்டது தாராளமான டிப்ஸ் அல்ல. நிலையான சம்பளமும் குறைந்த வேலை நேரமும். டிப்ஸ் குடியரசுக்கு ஒவ்வாத, எஜமான் வீட்டுப் பழக்கம் என்ற கோபம் அன்றைய அமெரிக்காவில் வலுவாகவே இருந்தது. 1909-இல் வாஷிங்டன் மாநிலம் தொடங்கி, ஆறு மாநிலங்கள் அதைத் தடைசெய்து சட்டம் போட்டன. 1926-க்குள் எல்லாச் சட்டங்களும் நீங்கிவிட்டன. பிறகு 1966-இல், டிப்ஸில் ஒரு பகுதியை முதலாளி தன் கூலிக் கடனில் கழித்துக்கொள்ளலாம் என்று கூட்டரசே அனுமதித்தது. யாரோ மனமுவந்து கொடுத்த காசு, இன்னொருவரின் கடனை அடைக்கப் போயிற்று.

நல்ல சேவைக்கு நல்ல டிப்ஸ், அதனால்தான் அமெரிக்க சர்வர்கள் அவ்வளவு கவனமாகப் பரிமாறுகிறார்கள் என்பது பரவலான வாதம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் இந்த ஒரு விஷயத்தையே பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். சேவையின் தரத்துக்கும் டிப்ஸின் அளவுக்கும் இடையே இருக்கும் தொடர்பு மிகவும் பலவீனமானது என்பது அவர் கண்டது. சர்வர் மேசையருகே குந்தி உட்கார்ந்து ஆர்டர் எடுத்தால் டிப்ஸ் கூடுகிறது. வேறு சிலர் செய்த ஆய்வில், பெண் சர்வர் பில்லின் பின்பக்கம் சிரிக்கும் முகம் வரைந்தால் கூடுகிறது. ஆண் வரைந்தால் கூடவில்லை. கறுப்பின சர்வருக்கு, அதே சேவைக்கு, வெள்ளையரைவிடக் குறைவாக விழுகிறது. ஆக, டிப்ஸ் வேலையை அளக்கவில்லை; கொடுப்பவர் மனத்தில் முன்பே இருக்கும் பிரியத்தையும் வெறுப்பையும் அளக்கிறது. கூலி அப்படி அளக்கப்பட்டால் வழக்குப் போடலாம். டிப்ஸ் அப்படி அளக்கப்பட்டால் யார்மேல் வழக்குப் போடுவது? இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, டிப்ஸ் கண்ணில் பட்டவருக்கு மட்டுமே போகிறது என்பது. சாப்பாடு நன்றாயிருந்தது என்று மகிழ்ந்து விட்டுப்போகும் இருபது விழுக்காடு, அதைச் சமைத்தவரிடம் போவதில்லை. நியூயார்க் மாநிலத்தில் டிப்ஸ் பணத்தைச் சமையற்கட்டோடு பங்கிடச் சட்டமே இடம் தருவதில்லை. புரோகிராமரின் கதைக்குள் நுழையும் வாசல் இந்தச் சமையற்கட்டுதான். அவர் வேலை செய்வது எப்போதும் அந்தச் சுவருக்குப் பின்னால்.

இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யப் புறப்பட்டவர் நியூயார்க்கின் டேனி மேயர். 2015-இல் தன் உணவகங்களில் டிப்ஸை நிறுத்தி, விலையை உயர்த்தி, சமையற்காரருக்கும் சர்வருக்கும் அதிலிருந்தே சம்பளம் தருவதாக அறிவித்தார். சர்வர்கள் பலர் வேலையை விட்டுப் போனார்கள். 2020-இல் பெருந்தொற்றுக்கு நடுவே அவரே டிப்ஸைத் திரும்பக் கொண்டுவந்தார். வாஷிங்டன் நகரத்தில் 2018-இல் டிப்ஸ் தொழிலாளருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று மக்கள் வாக்களித்தபோது, அதை எதிர்த்தவர்களில் சர்வர்களும் பாரில் வேலை பார்ப்பவர்களும் நிறையப் பேர். நகரசபை அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2022-இல் மக்கள் மறுபடியும் அதற்கே வாக்களித்தார்கள். டிப்ஸ் வாங்குகிறவரே அதை விரும்பும்போது வெளியிலிருந்து குறை சொல்ல நாம் யார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விலையுயர்ந்த உணவகத்தில் வெள்ளிக்கிழமை இரவு ஷிஃப்ட் பார்ப்பவருக்கு டிப்ஸ்தான் லாபம். அவர் அதை விடமாட்டார், விடவேண்டும் என்று நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் நெடுஞ்சாலையோரக் காலைச் சிற்றுண்டிக் கடையில் செவ்வாய்க்கிழமை காலை நிற்பவரின் வாடகையும் அதே முறையைத்தான் நம்பியிருக்கிறது. கலிஃபோர்னியா, ஓரிகான், மினசோட்டா உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் டிப்ஸைக் கூலியில் கழித்துக்கொள்ளும் இந்த வழக்கம் கிடையாது. சர்வருக்கும் முழுக் கூலி. அங்கே யாரும் டிப்ஸ் கொடுப்பதை நிறுத்திவிடவில்லை. கூலியை ஒழுங்காகக் கொடுத்தால் நன்றி வற்றிவிடும் என்ற அச்சத்துக்கு அந்த மாநிலங்களே பதில்.

டிப்ஸ் இல்லாமல் நல்ல சேவை இருக்க முடியுமா என்பதற்கு ஜப்பானைப் பார்த்தால் போதும். மேசையில் விட்டுவந்த காசை, மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடிவந்து கொடுப்பார்கள். பிரான்சில் சேவைக்கான தொகை, காட்டப்படும் விலைக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும் என்று 1987 முதல் விதி. அதற்கு மேல் ஓரிரு நாணயம் விடுவது விருப்பம். நம்மூர் வழக்கம் இந்த இரண்டிலும் சேராது. பில் ஒரு சின்னத் தட்டில், சோம்பும் கற்கண்டும் கூட, வரும். மீதிச் சில்லறை அதே தட்டில் திரும்பி வரும். நோட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பத்தோ இருபதோ தட்டில் ஒதுக்கிவிட்டு, ஒரு சிட்டிகை சோம்பை வாயில் போட்டபடி எழுந்திருப்பார்கள். விழுக்காடு கிடையாது, இரண்டாம் தடவை சாம்பார் கேட்டபோது முகம் சுளிக்காமல் ஊற்றினாரே என்பது போன்ற சின்னக் காரணம்தான் தொகையைத் தீர்மானிக்கும். சர்வருக்கு மாதச் சம்பளமும் சாப்பாடும், பல இடங்களில் தங்க இடமும் முதலாளி பொறுப்பு. அந்தச் சம்பளம் போதும் என்றோ, அந்தத் தங்குமிடம் மனிதர் தங்கத் தக்கது என்றோ நான் சொல்லவில்லை. பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஆனால் கடன் யாருடையது என்பதில் குழப்பமில்லை. குழப்பம் இப்போதுதான் வருகிறது. கியூஆர் அட்டையைக் காட்டி ஃபோனில் பணம் அனுப்பும்போது பில் தொகை பைசா சுத்தமாகப் போய்விடுகிறது, தட்டில் ஒதுக்கிவிடச் சில்லறையே இல்லை. இன்னொரு பக்கம், சேவைக் கட்டணம் என்று ஓட்டல்களே பில்லில் சேர்க்கத் தொடங்கின. தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு மே மாதம், வண்டி வருவதற்கு முன்பே டிப்ஸ் கேட்டதற்காக ஊபர் நிறுவனத்துக்கு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. வண்டி வருமுன் கொடுப்பது நன்றி ஆகாது. எனக்கு முன்னால் இன்னொருவரை ஏற்றிவிடாதே என்று ஏலத்தில் கேட்கும் விலை அது.

அமெரிக்கக் காப்பிக் கடைகளில் இந்த ஏலம் வேறு உருவத்தில் நடக்கிறது. காசு வாங்குகிறவர் தன் பக்கத்துத் திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்புகிறார். பதினெட்டு, இருபது, இருபத்தைந்து விழுக்காடு என்று மூன்று பெரிய கட்டங்கள். அவற்றுக்குக் கீழே, சின்ன எழுத்தில், 'டிப்ஸ் வேண்டாம்'. பின்னால் வரிசை நிற்கிறது. எதிரே நிற்பவர் திரையைப் பார்க்காததுபோல் வேறெங்கோ பார்க்கிறார். விரல் எந்தக் கட்டத்தில் படுகிறது என்பது அங்கே நிற்கும் எல்லாருக்கும் தெரியும். ஐந்தாண்டுக்கு முன்பைவிட இப்போது அதிக இடங்களில் டிப்ஸ் எதிர்பார்க்கிறார்கள் என்று 2023-இல் ப்யூ ஆய்வு மையம் கேட்டபோது சொன்னவர்கள் 72 விழுக்காடு. கட்டங்களின் அளவு, வரிசை, எந்த எண்ணில் தொடங்குவது என்பதையெல்லாம் யாரோ ஒரு புரோகிராமர் எழுதினார். யாரோ கொடுத்த டிக்கெட்டின்படி, அதாவது வேலைக் குறிப்பின்படி, எழுதினார்; அதனால் பரிமாறுகிறவருக்கு எவ்வளவு போயிற்று, வாங்க வந்தவர் எவ்வளவு கூசினார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

புரோகிராமரின் மனக்கசப்பைப் பேசும்போது நான் தொடங்க விரும்புவது கணினி அறிஞர் ஃப்ரெட் புரூக்ஸ் 1975-இல் எழுதிய புத்தகத்திலிருந்து. நிரல் எழுதுவதில் ஏன் இன்பம் என்று கேட்டு அவர் ஐந்து காரணம் சொல்கிறார். பொருள் ஒன்றை உண்டாக்கும் மகிழ்ச்சி முதலாவது. இரண்டாவது, அது பிறருக்குப் பயன்படும் என்ற மகிழ்ச்சி. புதிரை அவிழ்ப்பது, ஓயாமல் கற்பது, நினைத்தபடி வளையும் பொருளில் வேலை செய்வது என்பவை மற்ற மூன்று. சம்பளம் அந்தப் பட்டியலில் இல்லை. இன்று தொழிலை வெறுத்தவர்களின் பேச்சைக் கேட்டால், அவர்கள் இழந்ததாகச் சொல்வது பெரும்பாலும் அந்த இரண்டாவது. சென்னை ஓஎம்ஆர் சாலை அலுவலகம் ஒன்றில் உட்கார்ந்து ஏதோ ஓர் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் மென்பொருளைப் பராமரிப்பவரை எண்ணிப் பாருங்கள். காலையில் ஸ்டாண்ட்-அப்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எது தடை. பிறகு டிக்கெட்: எண், தீவிரம், இரண்டு வரி விவரம், முடிக்க வேண்டிய நேரம். சரிசெய்து மூடினால் அடுத்தது. அந்தப் பிழையால் யாருடைய மருத்துவமனைத் தொகை நின்றிருந்தது, சரியானதும் யார் பெருமூச்சு விட்டார்கள் என்பது அந்த இரண்டு வரியில் இருக்காது. அவருக்கும் பயனாளிக்கும் இடையே டீம் லீட், ஆன்சைட் ஒருங்கிணைப்பாளர், கிளையண்டின் மேலாளர் என்று அடுக்கடுக்காக ஆட்கள். கிளையண்டிடம் பில் போடுவது மணிக்கணக்கில். ஏட்டில் அவர் பெயர் 'ரிசோர்ஸ்'. புராஜெக்ட் முடிந்தால், அடுத்தது கிடைக்கும்வரை, 'பெஞ்ச்'. டேனிஷ் கணினி அறிஞர் பீட்டர் நௌர் 1985-இல் ஒன்று சொன்னார்: நிரலின் உயிர் எழுத்தில் இல்லை, அதை எழுதியவர்களின் மனத்திலுள்ள புரிதலில் இருக்கிறது, அவர்களைக் கலைத்தால் நிரல் செத்துவிடும். சேவை நிறுவனங்களின் வியாபாரமே ஆளை மாற்றிப் போடலாம் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. தன் மனத்தில் இருப்பது யாருக்கும் பொருட்டல்ல என்பதை ஒருவர் ஒவ்வொரு புராஜெக்ட் மாறும்போதும் கற்றுக்கொள்கிறார். இயந்திரமே கோடு எழுதித் தரும் இந்த நாட்களில் புரூக்ஸின் முதல் மகிழ்ச்சியும் தேய்கிறது. எழுதியவர் இப்போது சரிபார்ப்பவர்.

இது மார்க்ஸ் 1844-இல் எழுதிய அந்நியமாதல்தானே, இதில் புதிதென்ன என்று கேட்கும் வாசகர்கள் இருப்பார்கள். பெரும்பகுதி அதுதான். ஆனால் நம் உழைப்பிலிருந்து அந்நியப்பட்டிருக்கிறோம் என்பதை இந்தத் தொழிலாளர்கள் ஆரம்பத்திலேயே உணர்ந்து, விசித்திரமான வழிகளில் எதிர்த்திருக்கிறார்கள். 1970-களின் கடைசியில் அடாரி நிறுவனம் தன் வீடியோ விளையாட்டுகளில் எழுதியவர் பெயரைப் போடாது. வாரன் ராபினெட் என்பவர் தான் எழுதிய 'அட்வென்ச்சர்' விளையாட்டில், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒற்றைச் சாம்பல் புள்ளியைக் குறிப்பிட்ட இடத்துக்கு எடுத்துப்போனால் மட்டும் திறக்கும் ரகசிய அறை ஒன்றைக் கட்டி, அதற்குள் தன் பெயரை எழுதிவைத்தார். நிறுவனத்துக்குச் சொல்லவில்லை. ஆடிப் பார்த்த சிறுவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அதே நிறுவனத்திலிருந்து டேவிட் க்ரேன் உள்ளிட்ட நால்வர், பெயரும் உரிய பங்கும் கேட்டுக் கிடைக்காமல், 1979-இல் வெளியேறி ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். அதன் அட்டைப்பெட்டிகளில் எழுதியவர் பெயரும் இருந்தது. அவர்கள் கேட்டது இரண்டையும்தான், பணத்தையும் பெயரையும். ஒன்றைக் கொடுத்து மற்றதை மறுத்தால் போதும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

கைநிறையச் சம்பளம் வாங்குகிறவர் நன்றி வரவில்லை என்று வருந்துவது வயிறு நிறைந்தவரின் கவலை என்பது வலுவான மறுப்பு. இரண்டு குறையும் ஒரே எடை கொண்டவை அல்ல என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். வாடகை கட்ட முடியாதவரின் துயரம் வேறு; வேலையில் அர்த்தம் காணாதவரின் துயரம் வேறு; முதலாவதற்குத்தான் முதல் கவனம். ஆனால் 'சம்பளம் வருகிறதே, வாயை மூடு' என்பதும் 'டிப்ஸ் வருகிறதே, வாயை மூடு' என்பதும் ஒரே வாய் பேசும் பேச்சு. இரண்டும் ஒரு கடனைக் காட்டி இன்னொரு கடனை மறைக்கின்றன. மேலும், அந்தச் சம்பளம் அவ்வளவு உறுதியாக நிற்கவுமில்லை. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேருக்கு மேற்பட்டோரை வேலையிலிருந்து நிறுத்தியது. 2023 ஜனவரியில் கூகுள் சுமார் 12,000 பேரை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் பணியாளர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாகச் சொன்னது. வேலை போனவர்கள் பணத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை, ஏமாற்றப்பட்டதாகப் பேசினார்கள். நீ எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சம்பளமே அத்தாட்சி என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள், ஒரு மின்னஞ்சலில் அதை நிறுத்தும்போது, வருமானத்தோடு அந்த அத்தாட்சியையும் பிடுங்கிவிடுகிறார்கள். கூலி கூலியாக மட்டும் இருந்திருந்தால் இழப்பு ஒன்றோடு போயிருக்கும்.

பாராட்டே இல்லையா, அப்ரைசல் இருக்கிறது, விருது இருக்கிறது, பரிசுக் கூப்பன் இருக்கிறது என்பார்கள். இருக்கின்றன. அவற்றைக் கொடுப்பவர் வேலையால் பயன்பெற்றவர் அல்ல, மேலாளர். நன்றாகச் செய்தவர்கள் பத்துப் பேர் இருந்தாலும் இத்தனை பேருக்குத்தான் முதல் மதிப்பெண் என்று வளைகோடு முன்பே வரைந்திருக்கும். சம்பளத்திலேயே ஒரு பகுதியை 'வேரியபிள் பே' என்று பிரித்து, வேலைக்குச் சேரும்போது ஆண்டு வருமானத்தில் சேர்த்துக் காட்டி, தரும்போது நிறுவனத்தின் காலாண்டு நிலவரத்தைப் பார்த்துத் தருகிறார்கள். உழைப்பு முடிந்தது, கூலி மட்டும் இன்னொருவர் மனத்தைப் பொறுத்தது. சர்வரின் 5 டாலர் 12 சென்ட்டுக்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு. டிப்ஸ் வாங்காத தொழில் என்று பெருமைப்பட்டவர்களின் சம்பளச் சீட்டுக்குள் டிப்ஸ் வேறு பெயரில் குடியேறிவிட்டது.

திறந்த மூல மென்பொருளில் இந்த இரண்டு குழப்பங்களும் ஒன்றுசேர்கின்றன. உலகின் பெருநிறுவனங்களெல்லாம் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தும் நிரல்களைப் பராமரிப்பவர்களில் பலருக்கு அதற்குச் சம்பளமில்லை. இணையத்தில் போகும் கடவுச்சொல்லையும் வங்கி விவரத்தையும் மறைத்துக் காக்கும் ஓபன்எஸ்எஸ்எல்லில் 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்தான் என்பதும், முழுநேரமாக அதில் வேலை பார்த்தவர் ஒரே ஒருவர் என்பதும் தெரியவந்தன. அதன் பிறகுதான் லினக்ஸ் அறக்கட்டளையின் முயற்சியில் பெருநிறுவனங்கள் சேர்ந்து லட்சக்கணக்கான டாலர் ஒதுக்கின. பத்து வருடம் கழித்து, 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் நிரலில் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருந்தது அம்பலமானது. ஆண்ட்ரேஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று சந்தேகித்துத் தோண்டியதால்தான் அது பிடிபட்டது. பின்வாசல் வைத்தவர் உள்ளே நுழைந்த வழி கவனத்துக்குரியது. அந்த நிரலைப் பல்லாண்டு தனியாளாகப் பராமரித்தவர், இது சம்பளமில்லாமல் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்று 2022-லேயே எழுதியிருந்தார். முகமில்லாத கணக்குகள் சில, ஏன் இவ்வளவு தாமதம் என்று அவரை நச்சரித்தன. அதே சமயம் ஒருவர் பொறுமையாக, பணிவாக, ஒத்தாசை செய்ய முன்வந்தார். இரண்டு வருடத்துக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்ற அந்த ஒத்தாசைக்காரரே தாக்கியவர். கூலியும் வராத, நன்றியும் வராத இடத்தில், நன்றிபோல் தோற்றமளித்த ஒன்று வந்தது. அதை நம்பியதற்காகப் பராமரித்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த உலகத்தில் டிப்ஸை வெளிப்படையாகவே முயன்று பார்த்தவர் சாட் விட்டேக்கர். 2012-இல் அவர் தொடங்கிய 'கிட்டிப்', திறந்த மூலப் புரோகிராமர்களுக்கு வாராவாரம் சிறு தொகை அன்பளிப்பாக அனுப்பும் ஏற்பாடு. 2014-இல் 'கிராட்டிபே' என்று பெயர் மாறி, 2017-இல் மூடப்பட்டது. அதே விட்டேக்கர் 2024-இல் முன்னின்று தொடங்கிய 'ஓபன் சோர்ஸ் உறுதிமொழி' நேர்மாறான வழியில் போகிறது. பயனாளர் மனமுவந்து கொடுக்கட்டும் என்று அது காத்திருப்பதில்லை; நிறுவனங்கள் தம்மிடமுள்ள புரோகிராமர் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் வீதம் கணக்கிட்டு, தாம் சார்ந்திருக்கும் நிரல்களைப் பராமரிப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஒரு காலத்தில் ஓபன்எஸ்எஸ்எல் முழுமைக்கும் ஓர் ஆண்டில் வந்த தொகை, இங்கே ஒரு தலைக்கு. டிப்ஸில் நம்பிக்கை வைத்து உழைத்த ஒருவர் கடைசியில் கூலிப் பக்கம் வந்து சேர்ந்ததை நான் அவர் தோல்வியாகப் பார்க்கவில்லை. கடன்பட்டவரைச் சரியாக அடையாளம் கண்டிருக்கிறார். உறுதிமொழி தானாக எடுப்பது, சட்டமல்ல, எடுக்காத நிறுவனங்களே மிகுதி என்பது உண்மை. ஆனாலும் கேள்வி சரியான வாசலில் நிற்கிறது.

கூலிக் கடன் தீர்ந்த பிறகு நன்றி எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. கணினி அறிஞர் டொனால்ட் நூத், தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடித்துச் சொல்கிறவருக்கு 2 டாலர் 56 சென்ட்டுக்குக் காசோலை அனுப்பிவந்தார். பதினாறின் அடிமான எண்முறையில் அது ஒரு முழு டாலர். வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதை வங்கியில் போடவில்லை, சட்டம்போட்டு மாட்டிவைத்தார்கள். காசோலைப் படங்கள் இணையத்தில் பரவி மோசடிக்கு வழியானதால், 2008 முதல் அவர் கற்பனை வங்கி ஒன்றின் பெயரில் சான்றிதழ் தருகிறார். மதிப்பு கொஞ்சமும் குறையவில்லை. அமெரிக்க சர்வரின் மணிக்கூலியைவிட நாற்பத்து மூன்று சென்ட் மட்டுமே அதிகமான இந்தத் தொகை இவ்வளவு மதிக்கப்படக் காரணம், அதை நம்பி யாரும் வாடகை கட்ட வேண்டியதில்லை என்பதும், அனுப்பியவர் அந்தப் பிழையைத் தன் கண்ணால் படித்துப் பார்த்தார் என்பதும்.

நன்றியை உத்தரவு போட்டு வரவழைக்க முடியாதே, பிறகு நிறுவனங்கள் என்னதான் செய்வது என்று கேட்டால், வரவிடாமல் தடுப்பதை நிறுத்தலாம். பராமரிப்பு வேலை பார்க்கிறவர் பயனாளியோடு நேரடியாகப் பேசக் கூடாது என்ற விதி பல புராஜெக்ட்டுகளில் இருக்கிறது. கிளையண்ட் ரகசியம் காக்க வேண்டும் என்பது சொல்லப்படும் காரணம்; சில தகவல்களுக்கு அது பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது. நடுவிலுள்ள அடுக்குகளின் வருமானம் அந்த இடைவெளியில் இருக்கிறது என்பது சொல்லப்படாத காரணம். வங்கிக்கு மென்பொருள் எழுதுகிறவர்களை மாதத்தில் அரை நாள் கிளையொன்றின் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்காரவைக்கலாம். அங்கே முதியோர் ஓய்வூதியம் எடுக்க வந்த பெண்மணி தாங்கள் எழுதிய திரையின் முன் எங்கே தடுமாறுகிறார் என்பதை அவர்கள் பார்க்கட்டும். திரும்பிவந்து அதைச் சரிசெய்ய, டிக்கெட் எண் இல்லாமலே, நிறுவனம் அவர்களுக்கு இரண்டு நாள் கொடுக்கட்டும். அடுத்த மாதம் அதே கிளைக்குப் போகும்போது அவர் தடுமாறாமல் பணம் எடுத்துக்கொண்டு போவதையும் அவர்கள் பார்ப்பார்கள். அந்தப் பெண்மணி யாருக்கும் எதுவும் சொல்லப்போவதில்லை. மென்பொருள் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இதற்கு ஆகும் செலவு, ஊழியர் மனச்சோர்வைப் போக்க நட்சத்திர ஓட்டலில் நடத்தும் ஒருநாள் பயிலரங்கின் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.